கிளிப்பச்சைக் கட்டம்

என் டிசைன் ஃபைல் எதைத் திறந்தாலும் கடைசி லேயரில், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அடுக்கில், ஒரு கிளிப்பச்சைக் கட்டம் கிடக்கும். பூட்டுப் போட்டு, கண் குறியை அணைத்து மறைத்து வைத்திருப்பேன். பார்க்கச் சகிக்காத பச்சை. எந்தக் கஸ்டமரும் கேட்கமாட்டார் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த நிறம் அது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் குப்பை என்று நினைத்து முதல் வாரத்திலேயே அதை அழித்துவிடுவார்கள். நான் திட்டுவதில்லை. 38 பீஸ் துணிக்கு என் சம்பளத்திலிருந்து காசு போன கதையை மட்டும் சொல்வேன்.

திருப்பூரில் ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட்டில் எனக்கு வேலை. முன்னறையில் நானும் கம்ப்யூட்டரும். பின்னால் நீள டேபிள்கள், மை வாசம், மாஸ்டர் அண்ணன், அவருடைய ரேடியோ. இங்கே பெரும்பாலும் தைத்த சட்டையில் பிரிண்ட் அடிப்பதில்லை. வெட்டிய முன்பக்கத் துணியை மட்டும் டேபிளில் ஒட்டி அடித்து, காய்ந்த பிறகு தையலுக்கு அனுப்புவோம். அதனால் கெட்டுப்போனாலும் ஒரு பீஸ் துணியோடு போய்விடும், முழுச் சட்டையும் வீணாகாது. அன்று என்னைக் காப்பாற்றியது இந்த வழக்கம்தான்.

சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றுக்கு 180 டீஷர்ட். பாதி கறுப்பு, பாதி கருநீலம். நெஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய சூரியன், அதற்குக் கீழே மலை, மலையடிவாரத்தில் சக்கரம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம். சூரியனுக்கு நடுவில் ‘மிதிவண்டி’ என்று வளைவாக எழுதிய அவர்களுடைய வட்ட லோகோ. அந்த லோகோ மட்டும் துணி கலரில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கறுப்புச் சட்டையில் கறுப்பாக, நீலச் சட்டையில் நீலமாக. அதாவது லோகோ இருக்கும் இடத்தில் மையே விழக்கூடாது. எங்கள் பக்கம் இதை ரிவர்ஸ் என்பார்கள், நாக்அவுட் என்பார்கள். மாஸ்டர் அண்ணன் ‘கழிச்சு விடறது’ என்பார்.

அவர்கள் அனுப்பிய ஃபைலில் சூரியன்மேல் லோகோவைக் கறுப்பு நிறத்தில் வைத்திருந்தார்கள். பின்னணியும் கறுப்பு. திரையில் பார்த்தால் சூரியனில் ஓட்டை போட்டு அதன் வழியே துணி தெரிவது போலவே இருந்தது. நானும் ஓட்டை என்றே எடுத்துக்கொண்டேன்.

கறுப்புத் துணியில் மஞ்சள் மையை நேரடியாக அடித்தால் மஞ்சள் எடுக்காது, சேற்றுப்பச்சை போல மங்கிக் கிடக்கும். அதனால் முதலில் வெள்ளை மையில் ஒரு அடித்தளம் போட்டு, அதை லேசாகச் சூடு காட்டி உலர்த்தி, அதன்மேல்தான் மற்ற நிறங்கள் ஏறும். இதற்குப் பேஸ் ஒயிட் என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் அந்த நிறம் விழும் இடத்தை மட்டும் கறுப்பில் காட்டும் ஒரு ஃபிலிம், அதை வைத்து எடுத்த, மை இறங்கும் வலையான ஒரு ஸ்கிரீன் உண்டு. பேஸ் ஒயிட்டுக்கும் அப்படித் தனி ஃபிலிம், தனி ஸ்கிரீன். கஸ்டமர் ஃபைலில் அது இருக்காது, நாங்கள்தான் உருவாக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? டிசைன் முழுவதையும் ஒரு காப்பி எடுத்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, உருவங்களை ஒட்டவும் வெட்டவும் இருக்கும் பாத்ஃபைண்டர் பேனலில் யுனைட் அழுத்தினேன். சூரியன், மலை, சக்கரம் எல்லாம் ஒரே உருவமாகின. அவற்றோடு அந்தக் கறுப்பு லோகோவும் கலந்து கரைந்தது. பேஸில் ஓட்டையே இல்லை.

மஞ்சள் ஃபிலிமில் ஓட்டை சரியாக விழுந்திருந்தது. காரணம், ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் உட்கார்ந்தால், ஓவர்பிரிண்ட், அதாவது கீழே வெட்டாமல் மேலேயே அடி, என்று குறிப்பிட்டுச் சொல்லாதவரை, நிறம் நிறமாக ஃபிலிம் பிரிக்கும் செப்பரேஷனில் கீழே உள்ள நிறம் தானாகவே வெட்டுப்படும். கறுப்புக்கு நான் ஃபிலிமே எடுக்கவில்லை, அது துணி கலர்தானே. ஆக, மஞ்சளில் லோகோ வடிவில் ஓட்டை, அதற்கு அடியில் முழுசாக வெள்ளை. அடித்துப் பார்த்தால் வெள்ளை லோகோ!

இதில் கொடுமை என்னவென்றால், வெள்ளை லோகோ அழகாகவே இருந்தது. பளிச்சென்று. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு நாளில் வேண்டும் என்று அவசரப்படுத்தியதால் ஸ்டிரைக் ஆஃப் என்கிற மாதிரிப் பிரிண்ட் எடுத்து ஒப்புதல் வாங்கவும் இல்லை. முதலில் கருநீலத் துணி டேபிளில் ஏறியிருந்தது. 38 பீஸ் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் குழுவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு பீஸை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, “நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா லோகோ நீலமா வரும்னு சொன்னீங்களே?” என்றார்.

மாஸ்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். “அம்மிணி, நீ குடுத்த ஃபிலிம்தான் நான் அடிச்சேன்.” அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவர் ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், சாப்பிடாமல், அதே ஃபைலைத் திறந்து அடியில் ஒரு பச்சைக் கட்டம் போட்டேன். லோகோ கறுப்பாகவே இருந்தது. ஓட்டையாக இருந்திருந்தால் பச்சை தெரிந்திருக்கும். பத்து நொடி வேலை.

சரி, இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். எட்டு வருடமாக இதை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

நான் முதலில் கற்றது கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேர். இன்றும் திருப்பூரில் பாதி டேபிள்களுக்குக் கோரல் ஃபைல்தான் போகிறது. அதில் லோகோவை வெட்ட டிரிம் இருக்கிறது. முதலில் லோகோவைத் தொடவேண்டும், அப்புறம் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு வெட்டுப்படவேண்டிய உருவத்தைத் தொடவேண்டும், பிறகு டிரிம். கடைசியாகத் தொட்டதுதான் வெட்டுப்படும். இழுத்து மொத்தமாகச் செலக்ட் செய்தால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வெட்டுப்படும். இந்த வித்தியாசம் தெரியாமல், “நேத்து வெட்டுச்சு, இன்னைக்கு வெட்டலையே” என்று புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. இன்னொன்று, டிரிம் முடிந்ததும் லோகோ அதே இடத்தில் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதை நகர்த்தினால்தான் கீழே ஓட்டை தெரியும். நான் கற்றுக்கொண்ட புதிதில் ஓட்டை விழவில்லை என்று நினைத்து நாலு தடவை டிரிம் அழுத்தியிருக்கிறேன்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாறியபோது பாத்ஃபைண்டரில் மைனஸ் ஃபிரன்ட் கண்ணில் பட்டது. அடடா, ஒரே பட்டன்! டிசைனையும் லோகோவையும் மொத்தமாகச் செலக்ட் செய்து அழுத்தினேன். மலை, சக்கரம், சூரியக் கதிர் எல்லாம் காணாமல் போய், வெறும் மஞ்சள் வட்டம் அங்கங்கே கடிபட்டு நின்றது. மைனஸ் ஃபிரன்ட் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஒரே உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே இருக்கிற எல்லாவற்றையும் அதிலிருந்து கழிக்கும். மலையும் சக்கரமும் அதன் கணக்கில் கத்திகள்தான். டிசைனில் இரண்டே உருவம் இருந்தால் அருமையான பட்டன். நாற்பது இருந்தால் புயல்.

அதனால் நான் நிறம் நிறமாகப் பிரித்துக்கொள்வேன். மஞ்சள் எல்லாவற்றையும் யுனைட் செய்து ஒரே காம்பவுண்ட் பாத், அதாவது பல துண்டுகள் இருந்தாலும் ஒரே உருவமாக நடந்துகொள்வது. ஆரஞ்சு ஒன்று, சிவப்பு ஒன்று. லோகோவையும் அவுட்லைன் ஆக்கி, அதன் கோடுகளையும் உருவமாக விரித்து, ஒரே காம்பவுண்ட் பாத். அதற்கு கன்ட்ரோலோடு 8. இந்த லோகோவைக் காப்பி எடுத்து, ஒவ்வொரு நிறத்தின்மேலும் கன்ட்ரோல் எஃப் கொடுத்து அதே இடத்தில் ஒட்டி, தனித்தனியாக மைனஸ் ஃபிரன்ட். இந்த டிசைனுக்கு மூன்று முறை. பேஸ் ஒயிட்டை இதெல்லாம் முடிந்த பிறகு, ஓட்டை விழுந்த நிறங்களிலிருந்துதான் செய்வேன். முன்கூட்டியே செய்யமாட்டேன்.

லோகோவின் மூலக் காப்பி எப்போதும் தனி லேயரில் பூட்டி இருக்கும். வெட்டிய பிறகு கஸ்டமர் “லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க” என்று கேட்பார். கேட்காமல் இருந்ததே இல்லை.

டிசைனில் போட்டோவோ, மெஷ் கிரேடியண்டோ இருந்தால் கழிக்க முடியாது. அப்போது ஒரு பெரிய செவ்வகம் வரைந்து, அதிலிருந்து லோகோவைக் கழித்து, அந்த ஓட்டைச் செவ்வகத்தைக் கிளிப்பிங் மாஸ்க்காக, அதாவது தன் வடிவுக்குள் மட்டும் டிசைனைக் காட்டும் முகமூடியாக, டிசைன்மேல் போடுவேன். உள்ளே என்ன இருந்தாலும் லோகோ வடிவில் ஓட்டை. சுத்தமான வழி, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

நாக்அவுட் குரூப் என்று ஒன்று டிரான்ஸ்பரன்ஸி பேனலில் உண்டு. டிசைனையும் லோகோவையும் ஒரே குரூப்பாக்கி, லோகோவின் ஒபாசிட்டியை, அதாவது மறைக்கும் தன்மையை, பூஜ்யமாக்கி, குரூப்பில் அந்த டிக்கைப் போட்டால் லோகோ இருக்கும் இடம் கண்ணாடி போலத் திறந்துகொள்ளும். லோகோவை நகர்த்தினால் ஓட்டையும் கூடவே நகரும். கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் காட்ட இதைவிட வசதி கிடையாது. ஆனால் அது தோற்றம் மட்டும்தான். உள்ளே கோடுகள் ஒன்றும் வெட்டுப்படவில்லை. ஒருமுறை இப்படிச் செய்த ஃபைலை அப்படியே வைனைல் ஷீட் வெட்டும் மெஷினான கட்டிங் பிளாட்டருக்கு அனுப்பிவிட்டேன். பிளாட்டருக்கு ஒபாசிட்டி தெரியுமா, குரூப் தெரியுமா? அதற்குத் தெரிந்தது கோடு ஒன்றுதான். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது. ஷீட்டை உரித்தபோது கொத்துப் பரோட்டாதான்.

கோரலும் இல்லஸ்ட்ரேட்டரும் வாங்க வசதியில்லாத தங்கைகள் இங்க்ஸ்கேப்பில் செய்யுங்கள், காசு கிடையாது. லோகோ மேலே, டிசைன் கீழே, இரண்டையும் செலக்ட் செய்து கன்ட்ரோலோடு மைனஸ் குறி. கழித்தலுக்குக் கழித்தல் குறியையே வைத்த புண்ணியவான் யாரோ.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் தண்ணி காட்டியது இதுதான், இங்கிலீஷ் யூடியூப் பாடங்கள் எதிலும் இது இல்லை.

அந்த ‘மிதிவண்டி’ பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு முந்தைய இந்த வகை எழுத்துருக்களில் ‘தி’ என்பது பல சமயம் ஒரே எழுத்தாக இருக்காது. த ஒரு துண்டு, மேல்விலங்கு இன்னொரு துண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி உட்கார்ந்தால்தான் பார்வைக்கு ஒட்டும். கறுப்பாக அடிக்கும்போது ஏறியது தெரியாது. ஆனால் கோரலில் மொத்தச் சொல்லையும் கன்ட்ரோல் க்யூ கொடுத்து கர்வ், அதாவது எழுத்தாக இல்லாத வெறும் கோட்டு உருவம், ஆக்கினால், இரண்டு துண்டும் ஏறிய இடம் வெள்ளையாகிவிடும். கோரலின் கணக்கு அப்படி: ஒரு புள்ளியிலிருந்து வெளியே போகும் வழியில் ஒற்றைப்படைக் கோடுகளைத் தாண்டினால் நிறம், இரட்டைப்படை என்றால் வெற்றிடம். ஏறிய இடத்தில் இரண்டு கோடு, ஆகவே வெற்றிடம். இதையே கழிக்கும் கத்தியாக எடுத்தால், ஓட்டைக்கு நடுவில் குட்டிக் குட்டி மஞ்சள் சில்லுகள் நிற்கும். மி, தி இரண்டிலும் மேல்விலங்கு தனித் துண்டாக இருந்ததால் இரண்டு சில்லு. டி மட்டும் ஒரே துண்டு, அது தப்பித்தது.

கர்வ் ஆக்கிய பிறகு கன்ட்ரோல் கே கொடுத்துப் பிரித்தால் இன்னொரு தலைவலி. வ, ண இரண்டிலும் உள்ள சுழிகளின் உட்புறம் தனி உருவமாகப் பிரிந்து, சுழி அடைபட்டுவிடும். அதனால் எழுத்தாக இருக்கும்போதே கன்ட்ரோல் கே கொடுத்துத் தனித்தனி எழுத்துகளாக உடைக்கவேண்டும், பிறகு ஒவ்வொன்றையும் கர்வ் ஆக்கவேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் வெல்டு செய்யவேண்டும். வெல்டு செய்தால் ஏறிய இடம் ஒன்றாகிவிடும், சுழியும் தப்பிக்கும். இந்த வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

சுழி என்றதும் இன்னொன்று. லோகோவைக் கழிக்கும்போது ணகரத்தின் சுழிக்குள் இருக்கும் மஞ்சள், சுற்றிலும் எதனோடும் ஒட்டாத தீவாக நிற்கும். ஸ்கிரீனில் கவலையில்லை, வலை அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே ஃபைலை வைத்து யாராவது தகரத்திலோ அட்டையிலோ ஸ்டென்சில் வெட்டினால் அந்தத் தீவு கீழே விழுந்துவிடும். ஸ்டென்சிலுக்குக் கேட்டால் சுழிக்கும் வெளிப்புறத்துக்கும் ஒரு பாலம் வைத்துக் கொடுப்பேன்.

மை பரவும். துணியில் ஓட்டையின் ஓரத்திலிருந்து மை உள்ளே நகர்ந்து வரும், அதுவும் வெள்ளை ஒரு பூச்சு, மஞ்சள் ஒரு பூச்சு என்று இரண்டு ஏறும்போது. திரையில் ஒரு பாயிண்ட் இருக்கும் கோடு, அதாவது ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர், துணியில் மூடியே போகும். ‘ண்’ மேல் இருக்கும் புள்ளியை நினைத்துப் பாருங்கள். அது ஒரு குட்டி ஓட்டை. மை அதை அடைத்தால் ‘மிதிவணடி’! 180 பேர் நெஞ்சில் எழுத்துப்பிழையோடு சைக்கிள் ஓட்டுவார்கள். அதனால் கழிப்பதற்கு முன்பே ஆஃப்செட் பாத் கொடுத்து லோகோவைச் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் பருக்கவைப்பேன், புள்ளியை மட்டும் கையால் இன்னும் கொஞ்சம். திரையில் பார்த்தால் சற்றுக் குண்டாகத் தெரியும். “தடிமனா இருக்கே” என்பார் கஸ்டமர். துணியில் பாருங்கள் என்பேன்.

பேஸ் ஒயிட்டுக்கு இதற்கு நேர்மாறு. அதே ஆஃப்செட் பாத்தில் மைனஸ் 0.3 கொடுத்துச் சுருக்கவேண்டும். வெளி ஓரமும் உள்ளே போகும், ஓட்டையும் பெரிதாகும். வெள்ளை எப்போதும் மஞ்சளுக்குள் ஒளிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் ஸ்கிரீன் நூலிழை விலகினாலே லோகோவைச் சுற்றி வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும்.

ஓவர்பிரிண்ட் தனிப் பேய். சுருக்கமாகச் சொல்கிறேன். யாரோ கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் டிக் போட்டிருப்பார்கள், அப்புறம் மனம் மாறி எழுத்தை வெள்ளையாக்கியிருப்பார்கள். டிக் அப்படியே இருக்கும். திரையில் வெள்ளை எழுத்து தெரியும், ஃபிலிமில் எழுத்தே இல்லாமல் போகலாம். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடும் ஒய் அழுத்தினால் ஓவர்பிரிண்ட் பிரிவ்யூ வரும், எழுத்து மறைவது அங்கேயே தெரிந்துவிடும். கோரலில் பிரிண்ட் செப்பரேஷன் பக்கத்தில் கறுப்பை எப்போதும் ஓவர்பிரிண்ட் செய் என்று ஒரு டிக் இருக்கிறது. அது விழுந்திருந்தால் கறுப்பு லோகோ கீழே உள்ள எதையும் வெட்டாது. நான் மற்றவர்கள் ஃபைலைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இதை.

இவ்வளவும் செய்த பிறகு கண் குறியைத் தட்டி அந்தப் பச்சையை எழுப்புவேன். பேஸ் ஒயிட்டை மட்டும் வைத்து ஒருமுறை, ஒவ்வொரு நிறத்தையும் தனியாக வைத்து ஒவ்வொரு முறை. லோகோ வழியாகப் பச்சை எட்டிப் பார்த்தால்தான் ஃபிலிம்.

அந்த 180 சட்டையும் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. கெட்ட 38 பீஸை மாஸ்டர் அண்ணன் தூக்கிப் போடவில்லை. இன்றும் டேபிள் துடைக்க அதைத்தான் எடுக்கிறார், நான் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

போன வாரம் அவசரத்தில் பச்சை லேயரின் கண்ணை அணைக்க மறந்துவிட்டேன். லேயர் ஆப்ஷனில் பிரிண்ட் டிக்கையும் எடுத்திருக்கவில்லை. ஃபிலிம் எடுத்துப் பின்னால் கொடுத்தனுப்பிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோ சத்தம் குறைந்தது.

“ஏனம்மிணி, இந்த அஞ்சாவது ஃபிலிம் முழுசும் கருப்பா ஒரு பொட்டி இருக்குதே, இதுக்கும் ஸ்கிரீன் கட்டணுமா?”